ஏழாம் துண்டின் வாய்

இந்தக் கப்பல்
எந்தத் தரையிலும் ஒருநாளும் முழுதாய் நிற்காது.
திட்டத்தின் முதல் வரி அது.
எழுதியவள் நான்,
துரின் நகரின் மேற்கோரம்,
மூன்றாம் மாடி, கழிப்பறைக்கு அடுத்த மேசை.

நூற்றுப்பத்து மீட்டர் நீளம்.
ராக்கெட்டின் மூக்குக்குள் நுழைவதோ
நாலரை மீட்டர் அகலம்.
துண்டு போடு என்றார்கள்.
பதினொன்றாய்ப் போட்டேன்.
பன்னிரண்டென்றால் காசு போதாது,
பத்தென்றால் வாசல் போதாது.

என் தங்கை கணவன்
அலமாரியைப் படிக்கட்டில் ஏற்ற முடியாமல்
நடுவே ரம்பம் போட்டான்.
மேலே கொண்டுபோய் ஒட்டினால் அரை விரல் குட்டை.
ரம்பத்தின் பல் தின்ற மரத்தை
அவன் கணக்கில் சேர்க்கவில்லை.
அந்தக் கதவு இன்றுவரை மூடுவதில்லை.
எனக்கு அந்த வீட்டில் தூக்கம் வராது.

ஆறாம் துண்டின் வாய் எங்களுடையது.
ஏழாம் துண்டின் வாய் சுகூபாவில்.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கப்போவது
நானூறு கிலோமீட்டர் உயரத்தில்,
முதன்முறையாக, ஒத்திகை இல்லாமல்.
பதினாறு மரையாணிகள்.
திருகப்போவது ஒரு கை,
அந்தக் கைக்கு உடம்பு கிடையாது.

மேலே தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு விடியல்.
வெயில் பட்ட கன்னம் நூற்றிருபது டிகிரி,
படாத கன்னம் உறைநிலைக்கு நூறு டிகிரி கீழே.
உலோகம் உப்பும், ஒடுங்கும்.
அதனால் நிழலின் பதினெட்டாம் நிமிடத்தைக் குறித்தோம்.
இருட்டில்தான் இரண்டு விளிம்பும்
சொன்ன சொல் காக்கும்.

சுகூபாவில் ஹதகேயாமா என்றொருவர்.
முகம் தெரியாது. குரல் தெரியாது.
ஆறு வருடமாய் எனக்கு அவர் ஓர் எண்:
பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று.
ஒரே ஒருமுறை அடிக்குறிப்பில் எழுதியிருந்தார்:
‘நேற்று நிலம் நடுங்கியது.
மறுபடி அளந்தேன். அளவு மாறவில்லை.’
எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தைப் பற்றி
ஏதாவது சொல்ல நினைத்து
‘பெற்றுக்கொண்டோம்’ என்று அனுப்பினேன்.

எதிர் மேசையில் நேவியோ.
வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது;
சம்பளமே அதற்குத்தான்.
மூன்றாவது ஏற்றம் வெடித்தால்? என்பான்.
இரண்டு துண்டு காத்திருக்கும்.
ஒன்பதாவது?
எட்டுத் துண்டும் வாயைத் திறந்தபடி
உலகைச் சுற்றிக்கொண்டிருக்கும்.
தொட்டியிலிருக்கும் ஹைட்ரஜன்
யாரும் தொடாமலே நாளுக்கு நாலு கிலோ
ஆவியாகிப் போகும்.
எத்தனை மாதம் தாங்கும்? எழுது, என்பான்.

எழுதினேன்.
பதினான்கு மாதம்வரை கட்டங்கள் நிரம்பின.
பதினைந்தாம் கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு கோடு போட்டேன்.
அதையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டான்.

நவம்பரில் ஒன்பதாம் திருத்தம் வந்தது.
வரைபடத்தின் மூலையில்
நோனாகா என்று கையெழுத்து.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
வேலை மாறினாரா, ஓய்வு பெற்றாரா,
மருத்துவமனையில் கிடக்கிறாரா,
அதற்கெல்லாம் வரைபடத்தில் பெட்டி இல்லை.
வளையத்தின் விளிம்பைத் தேடிப் போனேன்.
பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று.
வெகுநேரம் அந்த மூன்றையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஆல்ப்ஸ் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஏதோ.
கீழே பேருந்துகள்
விளக்கைப் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிப் போயின.
அடிக்குறிப்பு எண் நாற்பத்தொன்று:
‘ஆறாம் துண்டு தயார்.
இங்கே பனிமூட்டம், மலை தெரியவில்லை.
ஹதகேயாமாவுக்குச் சொல்லவும்.’

நேவியோ பென்சிலால்
மூட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு
ஓரத்தில் எழுதினான்:
அலகு?